கிட்டாருக்குள்ளும் இருப்பது காயில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில், பிள்ளைகளுக்கு இசைக்கருவி வாங்கும் பெற்றோருக்கான யோசனைகள் வந்திருந்தன. அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரில் ராக் இசைக்கு வேண்டிய கனமான சத்தம் வரவே வராது, அதை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது என்று எழுதியிருந்தீர்கள். என் மகளின் கிட்டார் 7,800 ரூபாய். அதில் அந்தச் சத்தம் வருகிறது. நாங்கள் வரவைத்தோம். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் யாருக்கும் பயன்படாது.

நாங்கள் சேலம் அம்மாப்பேட்டை. கணவருக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. கல்யாணமாகி வந்த மறு வருஷத்திலிருந்து நானும் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டுகிறேன். சீலிங் ஃபேன், மிக்ஸி, கிணற்று மோட்டார், தறி மோட்டார் என்று இருபத்திரண்டு வருஷமாக என் விரலுக்கு நடுவே இனாமல் கம்பி ஓடுகிறது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பாட்டு என்றால் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் கேட்டதும், பட்டறை ரேடியோவில் கேட்டதும்தான்.

மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சீட்டு எடுத்த பணத்தில் அந்தக் கிட்டாரை வாங்கிக் கொடுத்தோம். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தகடு, கம்பியின் அதிர்வைப் பிடித்துக் கரண்டாக்கும் ஒற்றைக் காயில் பிக்கப் மூன்று. 1954-ல் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அச்சில் இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. கூடவே சத்தத்தைப் பெருக்கும் 15 வாட்ஸ் ஆம்ப் ஒன்று. மெல்லிய பாட்டுக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அவளும் அவள் கூட்டாளிகள் மூன்று பேரும் வாசிக்க ஆசைப்பட்டது ஹெவி ராக். ஆம்பில் ஓவர்டிரைவ் பொத்தானை அழுத்தினால் சத்தம் தடிக்க வேண்டும். இதில் அது கொசு பறக்கிற மாதிரி மெலிந்து கிறீச்சிட்டது. வாசிப்பதை நிறுத்தினாலும் உர்ர்ர் என்ற இரைச்சல் நிற்கவில்லை. கடைக்கு எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இது லைட் மியூசிக்குக்குத்தாங்கக்கா. ஹெவியா வேணும்னா முப்பத்தெட்டாயிரத்துல ஒண்ணு இருக்கு, பாக்கறீங்களா?” என்றார். வீடு வரும் வரை மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அவள் எனக்கு ஒருவர் கதையைச் சொன்னாள். டோனி அயோமி. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்கிற இரும்புப் பட்டறை ஊர்க்காரர். 1965-ல், பதினேழு வயதில், தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலைக்குப் போனபோது, மெஷினில் வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. இடது கை வழக்கம் உள்ளவர் என்பதால் கிட்டாரில் கம்பியை அமுக்க வேண்டிய கையே அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி போட்டு மறுபடி வாசித்தார். பிறகு விரலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கம்பியைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். அவருடைய பிளாக் சாபத் குழுவின் கனத்த சத்தத்தில் அந்த இறக்கிய சுருதிக்குப் பெரிய பங்கு உண்டு. என் அண்ணனும் பாத்திரப் பட்டறை ஒன்றில் பிரஸ்ஸுக்கு விரல் நுனியைக் கொடுத்தவர். இன்றைக்கும் வெளியே போனால் அந்தக் கையைச் சட்டைப் பைக்குள்தான் வைத்துக்கொள்வார். கதையைக் கேட்ட பிறகு எனக்குப் படுக்கத் தோன்றவில்லை. “கிட்டாரை எடுத்துட்டு வா கண்ணு, திறந்துதான் பார்ப்போம்” என்றேன்.

கம்பிகளைத் தளர்த்திவிட்டு வெள்ளைத் தகட்டின் பதினோரு திருகையும் கழற்றித் தூக்கினோம். அடியில் மூன்று காயில்! நான் தினமும் கட்டுகிற அதே காயில். பிளாஸ்டிக் கட்டையில் ஆறு இரும்புக் குச்சி, அதைச் சுற்றிச் செப்புக் கம்பி, குச்சிகளுக்கு அடியில் ஒட்டிய ஒரு கறுப்புக் காந்தப் பட்டை. இத்தனை நாளும் இதைத் தொடவே பயந்திருந்தேனே என்று இருந்தது. மோட்டாரில் காயிலுக்குக் கரண்டு கொடுத்தால் அசைவு கிடைக்கும். இதில் காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காயிலில் கரண்டு பிறக்கும். சைக்கிள் டைனமோ மாதிரி. ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்தது இதுதான் என்று மகள் சொன்னாள்.

மீட்டரை வைத்தேன். கழுத்துப் பக்கக் காயில் 5.7 கிலோ ஓம், பாலத்துப் பக்கம், அதாவது உடம்பில் கம்பிகளைக் கட்டும் பக்கம், 5.9. நடுவில் இருந்தது ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே எங்கோ அறுந்திருந்தது. அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டுமே! சீலிங் ஃபேனுக்கு நாங்கள் போடும் 36 கேஜ் கம்பி இதற்குப் பக்கத்தில் கயிறு மாதிரி தெரியும். மில்லிமீட்டரில் 0.06 சொச்சம்தான், எங்கள் கணக்கில் ஏறக்குறைய 46 கேஜ். இந்த வகை பிக்கப்பில் ஏழாயிரத்து ஐந்நூறு, எட்டாயிரம் சுற்று வரும். நீட்டிப் பிடித்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேலே போகும். எடை போட்டால் முப்பது கிராம் இருக்கும்.

இரைச்சலுக்குக் காரணமும் உள்ளேயே இருந்தது. பாலத்துக்குப் போக வேண்டிய எர்த் ஒயர் ஈயத்தில் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. கம்பியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இரைச்சல் ஒரே மாதிரி இருந்தால் முதலில் அந்த ஒயரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அதைப் பற்றவைத்த பிறகும் இரைச்சல் குறைந்ததே தவிர ஒழியவில்லை. நம் வீட்டுக் கரண்டு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. சுற்றியிருக்கும் ஒயர், சோக், மோட்டார் எல்லாம் அந்த ஆட்டத்தைக் காற்றில் பரப்பிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் காயில் அதையும் வாங்கி ஆம்புக்கு அனுப்பும். ஓவர்டிரைவ் போட்டால் அது பல மடங்காகும். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி மோட்டார். கேட்கவா வேண்டும்.

இதற்கு வழி கண்டவர் சேத் லவர். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஆம்பில் இரைச்சலை அடக்க இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றிய சோக் போடுவார்கள். அதே யுக்தியை பிக்கப்புக்குக் கொண்டுவந்து 1955-ல் காப்புரிமைக்கு எழுதினார். இரண்டு காயில். ஒன்றின் சுற்றும் காந்த முனையும் மற்றதற்குத் தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். கம்பியின் ஒலியில் சுற்றும் தலைகீழ், காந்தமும் தலைகீழ் என்பதால் இரண்டும் கூடிவிடும். இதற்குத்தான் ஹம்பக்கர் என்று பெயர். கனமான சத்தத்துக்கு ஆதாரமே இது. காயில் இரண்டு என்பதால் சிக்னல் பெரிதாக வந்து ஆம்பை முட்டும், ஆம்ப் சீக்கிரம் உறுமும். கூர்மையான மேல் ஒலி கொஞ்சம் மட்டுப்பட்டு நடு ஒலி தடிக்கும். இப்போது சொல்லுங்கள், உடம்பும் கழுத்தும் நேராக இருக்கிற ஒரு கிட்டாரை ஒரு பிக்கப்புக்காக எதற்கு ஒதுக்க வேண்டும்? பிக்கப்பை மட்டும் மாற்றுவது புதுசும் இல்லை. 1972-லேயே டிமார்சியோ என்கிற அமெரிக்கர் அதற்கென்றே கூடுதல் சுற்று போட்ட ஹம்பக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பாலத்துப் பக்கப் பிக்கப்புக்குப் பதிலாகப் போட, நாங்கள் 1,650 ரூபாய்க்குச் செராமிக் காந்தம் போட்ட ஹம்பக்கர் ஒன்றை வரவழைத்தோம். மீட்டரில் 13.9 காட்டியது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கிலோ ஓம் அதிகம் என்பதாலேயே சத்தம் அதிகம் என்று இல்லை. கம்பி மெலிந்தாலும் ஓம் ஏறும். காந்தம் எது, எத்தனை சுற்று என்பதும் சேர்ந்துதான் சத்தம். இன்னொன்று, பிக்கப்பின் இரு ஓரக் குச்சிகளுக்கு இடையே உள்ள தூரம். இதில் இரண்டு அளவு உண்டு, ஒன்று ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், மற்றது 52, 53. பாலத்தில் கம்பிகள் எவ்வளவு அகலத்தில் ஓடுகின்றன என்று ஸ்கேலால் அளந்துவிட்டு வாங்கினால் ஓரக் கம்பி இரண்டும் குச்சியை விட்டு விலகி நிற்காது.

ஹம்பக்கர் உட்கார ஏழு சென்டிமீட்டர் நீளம், நாலு சென்டிமீட்டர் அகலத்தில் இடம் வேண்டும். எங்கள் அதிர்ஷ்டம், மரத்தில் தகட்டுக்கு அடியில் மொத்தமாகவே குடைந்து விட்டிருந்தார்கள். விலை குறைந்த கிட்டார் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். வெள்ளைத் தகட்டை மட்டும் ஹாக்ஸா பிளேடால் அறுத்து அரத்தால் தேய்த்தேன். மரத்தில் இடம் இல்லாவிட்டால் தச்சரிடம் கொடுங்கள், நீங்களாக உளியை எடுக்காதீர்கள். ஆனால் எடி வான் ஹேலன் என்கிற பெரிய வித்வான் அதையும் செய்தவர். 50 டாலருக்கு உடம்பு, 80 டாலருக்குக் கழுத்து, தன்னுடைய பழைய கிப்சனில் இருந்து கழற்றிய ஒரு ஹம்பக்கர். உடம்பைக் குடைந்து அதை உள்ளே வைத்தார். 1978-ல் வந்த அவர் குழுவின் முதல் ஆல்பத்தில் அந்த ஒட்டுக் கிட்டாரின் சத்தத்தைத்தான் உலகம் கேட்டது.

நான் தப்பு செய்த இடத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஹம்பக்கரிலிருந்து நாலு வண்ண ஒயரும் ஒரு வெற்று ஒயரும் வந்தன. எந்த வண்ணத்தை எதோடு சேர்ப்பது என்று மகள் ஒரு படம் காட்டினாள். அதன்படியே பற்றவைத்தேன். கறுப்பு வால்யூமுக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒன்றாக, பச்சையும் வெற்று ஒயரும் எர்த்துக்கு. கம்பி கட்டி, ஆம்பைப் போட்டோம். மகள் முதல் தட்டு தட்டினாள். தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். பழசைவிட மெலிந்திருந்தது. இரைச்சல் மட்டும் முன்பைவிட அதிகம். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாயிரம் ரூபாய் போய்விட்டது என்றே நினைத்தேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இசை குறைந்து இரைச்சல் கூடியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஃபேனில் ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனையை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் எதிர்த் திசையில் சுற்றும். அதுதான் இங்கேயும்! ஒரு காயில் தலைகீழாகச் சேர்ந்துவிட்டது. ஒலி ஒன்றை ஒன்று தின்கிறது, இரைச்சல் கூடுகிறது. வண்ணக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, நான் பார்த்த படம் வேறு கம்பெனிக்கானது. காலையில் பழைய முள் மீட்டரை எடுத்தேன். ஒரு காயிலின் இரு முனையில் மீட்டரை மாட்டி, திருப்புளியைக் குச்சிகள்மேல் வைத்து வெடுக்கென்று தூக்கினால் முள் ஒரு பக்கம் துள்ளும். எந்த ஒயரில் சிவப்பு முனை இருக்கும்போது வலது பக்கம் துள்ளுகிறதோ அது தலை, மற்றது வால். அடுத்த காயிலுக்கும் அப்படியே பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஒன்றின் வாலை மற்றதன் தலையோடு சேர்க்க வேண்டும். சேர்த்தேன். ஆம்பைப் போட்டதும் அந்த உர்ர்ர் காணோம். ஆம்ப் ஓடுகிறதா என்று சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தேன். மகள் உள்ளங்கையைக் கம்பிமேல் லேசாக அமுக்கிக்கொண்டு அடித்தாள். டக்கடக்கடக் என்று பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற மாதிரி, ஆனால் தரைக்கு அடியில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மெழுகு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் காயிலை நாங்கள் வார்னிஷில் முக்கிக் காயவைப்போம். சுற்றுகள் ஒன்றோடு ஒன்று உரசி அதிராமல் இறுகட்டும் என்றுதான். விலை குறைந்த பிக்கப் சிலவற்றில் இந்த இறுக்கம் இருக்காது. சத்தத்தைக் கூட்டினதும் சுற்றுகள் தாமே அதிர்ந்து, மைக் கூவுவதுபோலக் கீ என்று கத்தும். அதற்கு வார்னிஷுக்குப் பதில் மெழுகு. வான் ஹேலனும் இதைத்தான் செய்தார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் பாரஃபின் மெழுகு. அறுபத்தைந்து டிகிரியைத் தாண்ட விடக்கூடாது, தாண்டினால் பிளாஸ்டிக் கட்டை வளைந்துவிடும். மெழுகு இருக்கும் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். பிக்கப்பை உள்ளே விட்டதும் குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். பதினைந்து இருபது நிமிஷத்தில் குமிழ் நின்றுவிடும். எடுத்துத் துடைத்து ஆறவிட வேண்டியதுதான்.

மற்றவை சின்ன வேலைகள். ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் போட்டிருப்பார்கள். ஹம்பக்கருக்கு 500 போட்டால் மேல் ஒலி வீணாகக் கசியாது. இரண்டும் சேர்த்து 160 ரூபாய். டோனில் 473 என்று அச்சிட்ட கண்டென்சரை எடுத்துவிட்டு 223 போட்டேன், ஐந்து ரூபாய். உள்குழிவு முழுக்கச் செப்புத் தகடு டேப் ஒட்டி எர்த்தோடு சேர்த்தேன். சமையலறை அலுமினியத் தாளை ஒட்டலாமே என்று கேட்டார்கள். ஒட்டலாம், ஆனால் அதில் சாதாரண ஈயம் பிடிக்காது. அப்புறம் பிக்கப்பின் உயரம். கழுத்தின் கடைசிக் கட்டையில் (ஃப்ரெட்) கம்பியை அமுக்கிப் பிடித்தால் குச்சிக்கும் கம்பிக்கும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கட்டும். இன்னும் கிட்டே கொண்டுபோனால் காந்தமே கம்பியை இழுத்துச் சுருதியை ஆட்டும்.

கம்பியைத் தடிமனாக்கினோம். பழசு 9-ல் தொடங்கி 42-ல் முடியும் செட், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு. இப்போது 10-லிருந்து 46. அடிக் கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கி வாசிக்கிறார்கள், அதற்கு மெல்லிய கம்பி தளதளவென்று ஆடும். ஆனால் தடித்த கம்பி தலைப்பக்கத்துப் பள்ளத்தில் உட்காரவில்லை. என் அண்ணன் இப்போது செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருக்கிறார். கொலுசுக்கு வைத்திருக்கும் ஊசி அரத்தை எடுத்துவந்து, ஒவ்வொரு பள்ளத்தையும் நூல் நூலாகத் தேய்த்து, கம்பியை வைத்து வைத்துப் பார்த்துச் சரி செய்தார். விரல் நுனி போன அந்தக் கையாலேயே அரத்தைப் பிடித்திருந்தார், ஒரு மணி நேரம், அதைப் பைக்குள் வைக்காமல். தடித்த கம்பி இழுத்ததில் ஆட்டுகிற பாலம் மேலே தூக்கிக்கொண்டது. பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கி, பழைய தறியின் மர நாடாவிலிருந்து (ஷட்டில்) அறுத்த ஒரு துண்டுக் கட்டையைப் பின்னால் இறுகச் செருகினோம். பாலம் அசையாது, ஒரு கம்பியை இறக்கினால் மற்றது கலையாது. கழுத்து வளைவையும் பன்னிரண்டாம் கட்டைச் சுருதியையும் மகளே பார்த்துக்கொண்டாள். அது அவள் கற்றுக்கொண்ட வேலை.

ஆம்பில் பிள்ளைகள் செய்யும் ஒரு தவறு உண்டு. பாஸையும் டிரெபிளையும் முழுசாகத் திருப்பி நடு ஒலிக்கான மிட்டைச் சுழியத்துக்கு இறக்குவார்கள். தனியாக அறையில் கேட்டால் பிரமாதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் நம் கிட்டார் காணாமல் போய்விடும். கிட்டாரின் உயிர் நடு ஒலியில்தான். மிட்டை ஏற்றி, பாஸைக் குறைத்து, கெயினை முக்கால்வாசியில் நிறுத்தியதும்தான் கன்னங்குறிச்சியில் அவர்கள் பழகும் மொட்டை மாடியில் என் மகள் வாசிப்பது தனியாகக் காதில் விழுந்தது.

இனி எழுதுவதைக் கட்டாயம் அச்சிடுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. வாசிப்பவர் கை எந்நேரமும் அதன்மேல் இருக்கிறது. ஆம்புக்கோ மைக்குக்கோ எர்த் சரியில்லை என்றால், கையில் கம்பியும் உதட்டில் மைக்குமாக நிற்கும் பிள்ளை வழியாகக் கரண்டு போகும். 1972-ல் இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸில், ஸ்வான்சீ நகரில் லெஸ் ஹார்வி என்ற இளம் கிட்டார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். நம் ஊர்த் திருவிழா மேடைகளில் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளைப் பெட்டியில் செருகுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ஆடி மாதம், எங்கள் பகுதி மேடை ஒன்றில் பாட வந்த பையன் மைக்கைத் தொட்டதும் தூக்கி எறியப்பட்டான். நல்லவேளை பிழைத்தான். மேடையில் ஏறும் முன் எர்த் இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மகளின் கிட்டார் உறையில் நான் அதையும் வைத்திருக்கிறேன். அதேபோல் ஆம்பை மட்டும் பழக்கம் இல்லாதவர்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சரில் கரண்டு நிற்கும். கிட்டாருக்குள் அந்தப் பயம் இல்லை, ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டால் போதும்.

நடுவில் அறுந்திருந்த காயிலை நானே கட்டினேன். அந்த மெல்லிய கம்பி சேலத்தில் சில்லறையாகக் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரிலிருந்து ஒரு ரீல் வந்தது. முதல் இரண்டு தடவை ஆயிரம் சுற்றுக்குள் அறுந்தது. ஃபேன் கம்பிக்குப் பழகிய விரல், அழுத்தம் தெரியாமல் இழுத்துவிடுகிறது. மூன்றாம் தடவை விரலுக்கு நடுவே ஒரு துண்டு வெல்வெட் துணியை மடித்துப் பிடித்து, மூச்சை அடக்கி, மெதுவாகச் சுற்றினேன். 7,800 சுற்று. கிட்டாரின் விலையும் அதுதானே என்று அந்த எண்ணிலேயே நிறுத்தினேன். வேண்டுமென்றே எதிர்த் திசையில் சுற்றி, அடியில் இருந்த காந்தப் பட்டையையும் பெயர்த்துத் திருப்பி ஒட்டினேன். இப்போது கழுத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்து ஓடும் நிலையிலும் இரைச்சல் இல்லை.

கணக்கு இது: பிக்கப் 1,650, கன்ட்ரோல் 160, கண்டென்சர் 5, செப்பு டேப் 220, கம்பி செட் 480, மெழுகு 40. ஆகமொத்தம் 2,555 ரூபாய். காயில் கம்பி பட்டறைக் கணக்கில் போனது. அந்தக் கடையில் காட்டிய முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கிட்டார் நல்ல கிட்டார்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மரம், கட்டை, திருகாணி எல்லாம் உயர்ந்த தரம். வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அது இல்லாமல் இந்த இசையே உனக்கு இல்லை என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது பெரிய பாவம்.

சேலத்தில் மூலைக்கு மூலை வைண்டிங் பட்டறை இருக்கிறது. வேலை குறைந்த ரேடியோ மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சால்டரிங் அயனை அவர்களைப் போல் யார் பிடிப்பார்கள்? அவர்களிடம் ஒரு கிட்டாரைக் கொண்டுபோனால், “இதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க” என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தெரியும் என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும். ஐடிஐ-யில் வைண்டிங் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நாள், ஒரு கிட்டார் பிக்கப்பைப் பிரித்துக் கட்டக் கொடுத்தால் போதும். ஏற்காட்டுப் பள்ளிகளிலும் நம் ஊர் சர்ச்சுகளிலும் சத்தம் போய் மூலையில் சாத்தி வைத்த கிட்டார் எத்தனையோ இருக்கும். பாதிக்கு எர்த் ஒயரைப் பற்றவைத்தாலே உயிர் வந்துவிடும். இசைக்கருவிக் கடைக்காரர்களும் விலை அதிகமான கிட்டாரைக் காட்டும் முன், கையில் இருப்பதைத் திறந்து பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கைகாட்டிவிடலாம். 500 கிலோ ஓம் கன்ட்ரோல் பத்து வாங்கி வைத்தால் கடைக்கு நஷ்டமா வந்துவிடும்?

பெற்றோருக்கும் ஒன்று. குயின் குழுவின் பிரையன் மே பையனாக இருந்தபோது, கேட்ட கிட்டாரை வாங்கிக் கொடுக்க வீட்டில் பணம் இல்லை. அவருடைய அப்பா எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். 1963-ல் இருவருமாக வேலையைத் தொடங்கி, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் கழுத்துச் செதுக்கி, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கைப் பாலத்துக்குப் போட்டு, கிட்டாரையே செய்துவிட்டார்கள். பிக்கப் கூவாமல் இருக்க அதற்குள் அரால்டைட் பசை ஊற்றினார்கள். பிரையன் மே இன்று வரை மேடையில் வாசிப்பது அந்தக் கிட்டாரைத்தான். என் மகள் இதைச் சொன்னபோது, அந்த அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும் போல இருந்தது.

உங்கள் யோசனைப் பகுதியில் அந்த ஒரு வரியைத் திருத்தி, இந்தக் கடிதத்தில் உள்ளதில் பயன்படுவதையாவது வெளியிட வேண்டுகிறேன். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பையும் அவிழ்த்துக் கட்டச் சொல்லி மகள் கேட்டிருக்கிறாள். ரீலில் இன்னும் கம்பி இருக்கிறது. இந்த வாரம் இரண்டு கிணற்று மோட்டார் முடிந்ததும் அதைத்தான் எடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
காயில் கட்டும் ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்.